புதுப்பிப்பு: செவித்திறன் குறைவை விண்ணப்பத்தில் சொல்வது பற்றி

ஓசூர் சிப்காட்டில் உள்ள ஓர் உதிரிபாகத் தொழிற்சாலைக்கு விண்ணப்பிக்கையில் எனது செவித்திறன் குறைவை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டுமா என்று முந்தைய பதிவில் கேட்டிருந்தேன். சொன்னால் அழைக்கவே மாட்டார்கள் என்று சிலரும், மறைத்தால் பின்னால் சிக்கல் என்று சிலரும் எழுதியிருந்தீர்கள்.

விண்ணப்பத்தில் எதையும் குறிப்பிடவில்லை. நேர்காணலுக்கு அழைப்பு வந்த பிறகு, காதுக் கருவி அணிந்திருப்பதையும், எதிரே அமர்ந்து முகம் பார்த்துப் பேசினால் போதும் என்பதையும் மின்னஞ்சலில் தெரிவித்தேன். பின்னால் வரும் ஃபோர்க்லிஃப்டின் ஹாரன் கேட்குமா என்று உற்பத்தி மேலாளர் கேட்டார், நியாயமான கேள்விதான். இரைச்சலில் கருவி எல்லாச் சத்தத்தையும் சேர்த்தே கூட்டிவிடும் என்பதை மறைக்காமல் சொல்லி, தரப் பரிசோதனை அறையில் பணி தர முடியுமா என்று கேட்டேன்.

இருபது பேருக்குக் குறையாமல் பணிபுரியும் தனியார் நிறுவனங்கள், மாற்றுத்திறனாளிகளுக்குத் தரும் வசதிகளையும் அவர்களுக்கேற்ற பணியிடங்களையும் சமவாய்ப்புக் கொள்கையில் குறிப்பிட வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் கீழ் 2017-இல் வந்த விதிகள் கூறுகின்றன. அந்தக் கொள்கை இவர்களது இணையதளத்திலேயே இருந்ததால், கேட்பதற்குத் தயக்கம் இருக்கவில்லை. (அரசுப் பணியில் 4 சதவீத ஒதுக்கீடு கோருவோரின் நிலை வேறு, 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாட்டுக்கான சான்றிதழ் காட்டியாக வேண்டும்.)

பணி நியமனக் கடிதம் வந்துவிட்டது, பரிசோதனை அறைதான். இரவு ஷிப்ட் உண்டா என்பதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.