கையில் எடுத்துப் பார்த்த பொம்மை, இன்னும் மனதை விட்டுப் போகாதது: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

லெஸ்டர்வாசி

மூன்று வாரமாகிவிட்டது, அந்த பிஸ்கட் டப்பா இன்னும் என்னைத் தூங்க விடவில்லை. எழுதிவிடுகிறேன், நீங்களும் உங்களுடையதை எழுதுங்கள்.

கோல்வில் பக்கம் ஒரு கார் பூட் சேல், அதாவது கார் டிக்கியில் பழைய சாமான் கொண்டுவந்து விற்கிற சந்தை, ஞாயிற்றுக்கிழமை காலை, லேசான தூறல். கோல்வில் என்றாலே இங்கே பலருக்கும் புரியும், பாலிடாய் என்ற பொம்மைக் கம்பெனி இருந்த ஊர். ஸ்டார் வார்ஸ் பொம்மைகள் இங்கிலாந்துக்கு அந்தக் கம்பெனி வழியாகத்தான் வந்தன. கம்பெனி போய் ரொம்ப நாளாகிறது, ஆனால் அங்கே வேலை பார்த்தவர்கள் சுற்றுவட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பரண் காலியாகும்போது என்ன வெளியே வரும் என்று சொல்ல முடியாது என்பதால்தான் அவ்வளவு தூரம் போகிறேன்.

எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா, மடக்கு மேஜை, ஒரு வட்ட பிஸ்கட் டப்பா. உள்ளே பத்துப் பன்னிரண்டு உருவங்கள், எல்லாம் மூணேமுக்கால் அங்குலம். கால் தொளதொளவென்று ஆன ஸ்டார்ம்ட்ரூப்பர், ஆங்காங்கே பெயின்ட் போன லேயா. அடியில் ஒரு ஜாவா, படத்தில் முக்காடு போட்டுக்கொண்டு வருமே அந்தக் குள்ள உருவம். துணி அங்கி இல்லை, வினைல் பிளாஸ்டிக்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். 1978-ல் அமெரிக்கக் கம்பெனி கென்னர் விட்ட முதல் 12 உருவங்களில் ஜாவாவுக்கு வினைல் அங்கிதான் போட்டார்கள், அப்புறம் அதே விலைக்கு இந்தக் குட்டி உருவம் மட்டமாகத் தெரிகிறது என்று சீக்கிரமே துணிக்கு மாறிவிட்டார்கள். அதனால் இன்றைக்கு வெளியே தட்டுப்படுகிற வினைல் ஜாவா பெரும்பாலும் அதே வரிசையில் வந்த பென் கெனோபி பொம்மையின் அங்கியைக் கத்தரித்து மாட்டிவிட்டதுதான். எனக்கும் உடனே அந்தச் சந்தேகம் வந்தது. கீழ் விளிம்பு அச்சிலேயே வந்ததா, கத்தரி போட்டதா? மேகமூட்டம், படிக்கிற கண்ணாடி காரில். அந்த அம்மா தன் பெருவிரல் நகத்தால் அங்கியின் நுனியைத் தூக்கிக் காட்டி, இதைக் கழற்றவே என் பையன் விடமாட்டான் என்றார். டப்பாவோடு 60 பவுண்ட். என்னிடம் 40 இருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தேன். மேஜை விரிப்பு முழுக்கத் தூறலில் நனைந்து கிடந்தது, டப்பா இருந்த இடம் மட்டும் வட்டமாகக் காய்ந்திருந்தது.

கென்னர்_கண்ணன்

அண்ணே, வருத்தப்படாதீங்க, அது போலிதான். பூட் சேலில் பிஸ்கட் டப்பாவில் அசல் வினைல் ஜாவா கிடைப்பதெல்லாம் நடக்காத காரியம்.

எனக்கும் ஒரு அடி விழுந்திருக்கிறது. ஹான் சோலோவின் துப்பாக்கி ஒன்று, விற்றவர் என் கண் முன்னாடியே தண்ணீர் டம்ளரில் போட்டுக் காட்டினார், மிதந்தது, காசைக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து என்னிடம் ஏற்கெனவே இருந்த அசலின் பக்கத்தில் வைத்ததும் தெரிந்துவிட்டது, ரீப்ரோ, அசலைப் பார்த்துப் புதிதாக வார்த்த நகல்.

ஆகவே எல்லோருக்கும் சொல்லிவைக்கிறேன், மிதக்கிற சோதனையை மட்டும் நம்பாதீர்கள். பழைய ரெசின் ரீப்ரோ மூழ்கும், அசல் பெரும்பாலும் மிதக்கும், அந்தக் காலத்தில் அது சரிப்பட்டு வந்தது. இப்போது மிதக்கிற பிளாஸ்டிக்கிலேயே ரீப்ரோ வார்க்கிறார்கள், அசலிலும் மூழ்குகிற துண்டுகள் உண்டு. மிதந்தது என்பதால் அசலும் இல்லை, மூழ்கியது என்பதால் போலியும் இல்லை. மேஜை மேல் போட்டு சத்தம் கேட்கிறேன் என்கிறவர்களும் இருக்கிறார்கள், அதற்குக் காது பழக வேண்டும், நூறு துப்பாக்கியாவது கையில் எடுத்திருக்க வேண்டும். சந்தேகமில்லாத அசல் ஒன்றை ஒரு சின்ன ஜிப் பையில் போட்டு எப்போதும் கூட வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிடிக்குப் பக்கத்தில் இருக்கிற அச்சுக் கோடு, விளிம்பின் கூர்மை, சின்னச் சின்ன வேலைப்பாடு, எல்லாம் வார்ப்புக்கு வார்ப்பு மழுங்கும். ரீப்ரோவில் அந்த மழுக்கம் இருக்கும். பையன்கள் கடித்த பல் தடம்கூட அசலில் கூர்மையாகத் தெரியும், போலியில் அந்தத் தடமே வார்ப்பில் வந்து வழவழப்பாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். போன் டார்ச்சைப் பின்னால் வைத்துப் பார்ப்பதும் நல்லது. எல்லாவற்றுக்கும் மேலே, அவசரப்படுத்துகிறவரிடம் வாங்காதீர்கள்.

தகரரோபோ

கண்ணன், அவரை யாரும் அவசரப்படுத்தவில்லையே. போகட்டும்.

என்னுடையது கைக்கு வந்த பொம்மை, இருந்தும் உறுத்துகிறது. டோக்கியோவில் வேலை பார்த்த நாலு வருஷமும் முடிந்த ஞாயிறுகளில் ஓயெடோ பழம்பொருள் சந்தைக்குப் போய்விடுவேன். நகானோ பிராட்வே கடைகளில் தகர ரோபோ கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும், விலைச்சீட்டை மட்டும்தான் படிக்கலாம். சந்தையில் கையில் எடுக்கலாம். மசுதாயா கம்பெனியின் அந்த ஐந்து பெரிய பாவாடை ரோபோக்கள், கேங் ஆஃப் ஃபைவ், நமக்கெல்லாம் எட்டாது. எனக்கு ஹோரிகாவா கம்பெனி ரோபோ போதும், நெஞ்சுக் கதவு இரண்டும் திறந்து உள்ளேயிருந்து துப்பாக்கி வெளிச்சம் போட்டுச் சுட்டுவிட்டு, கதவை மூடிக்கொண்டு நடக்குமே அந்த வகை.

ஒரு முதியவரிடம் அது இருந்தது. பேட்டரி மூடியைத் திறந்ததும் உள்ளே பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்துக் கிடந்தது. எனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானிய மொழியில் 3000 யென் குறையுங்கள் என்று பிடித்துக்கொண்டேன். அவர் பதில் சொல்லாமல் ஒரு சின்ன டார்ச்சை எடுத்து ரோபோவின் இடுப்போரம் அடித்தார். முன் தகடும் பின் தகடும் சேருகிற இடத்தில் சின்னச் சின்ன நாக்குகளைத் துளைக்குள் விட்டு மடக்கியிருப்பார்கள் அல்லவா, அதைக் காட்டினார். இந்த வேலையைத்தான் என் அம்மா வீட்டில் உட்கார்ந்து செய்வாள், எண்ணிக் கட்டிக் கொடுப்பது என் வேலை என்றார். அவர் வலது ஆள்காட்டி விரலின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு, தகரம் கிழித்த தழும்பு. அந்த விரலை மடக்கிய நாக்கின் பக்கத்தில் வைத்து இரண்டையும் சேர்த்து டார்ச் வெளிச்சத்தில் காட்டினார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா, தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு மறுபடியும் 3000 குறையுங்கள் என்றேன். குறைத்தார். செய்தித்தாளில் சுற்றி இரண்டு கையாலும் கொடுத்தார். அந்தக் காசு இன்றைக்கு எனக்கு ஒரு பொருட்டே இல்லை. ரோபோ அலமாரியில் இருக்கிறது, அதன் இடுப்பைப் பார்க்கும்போதெல்லாம் அந்த விரல்தான் தெரிகிறது.

பழையபேட்டரி

தகரரோபோ, அந்த உப்பை எதை வைத்துத் துடைத்தீர்கள்? வினிகர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

என்னிடம் ஒரு தகர நிலவு ராக்கெட் இருந்தது. வினிகரைத் தாராளமாக ஊற்றி சுத்தம் செய்தேன், மூடியோரம் வழிந்ததைக் கவனிக்கவில்லை, மறுநாள் அந்த ஓரம் முழுக்கத் துரு, அதற்கு மேலே தகரத்திலேயே லித்தோ அச்சில் அடித்திருந்த விண்வெளி வீரன் முகம் பாதி போய்விட்டது. அந்தப் பாதி முகம்தான் என் உறுத்தல், வேறு கதை இல்லை.

ஆனால் இதைப் படிக்கிற யாரும் அந்தத் தப்பைச் செய்யக் கூடாது. ஒழுகியது எந்த வகை பேட்டரி என்று முதலில் பாருங்கள். அந்தக் காலத்துக் கார்பன்-துத்தநாக பேட்டரி ஒழுகினால் அது அமிலத் தன்மை, அதற்கு வினிகர் விட்டால் எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றின மாதிரி. சமையல் சோடாவைக் கொஞ்சம் நீரில் குழைத்துத் தொட்டு வைக்க வேண்டும். ஆல்கலைன் பேட்டரி ஒழுகினால் அது காரம், அதற்குத்தான் வினிகர், அதுவும் காது குடையும் பஞ்சில் ஒரே ஒரு சொட்டு. எது என்று தெரியாவிட்டால் முதலில் காய்ந்த பிரஷ்ஷால் சுரண்டி எடுத்துவிட்டு, ஒரு மூலையில் மட்டும் தொட்டுப் பாருங்கள், நுரைத்தால் சரியானதைத்தான் தொட்டிருக்கிறீர்கள். அப்புறம் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சு, அப்புறம் உடனே காய வைப்பது. எதுவும் அச்சு இருக்கிற வெளிப்பக்கம் வரக் கூடாது, மூடி ஓரம் முழுக்க டேப் ஒட்டிவிட்டு ஆரம்பியுங்கள். கையுறை போடுங்கள், தூசியை மூச்சில் இழுக்காதீர்கள். இயக்கிப் பார்த்த பிறகு பேட்டரியை அன்றைக்கே கழற்றிவிட வேண்டும், நாளைக்கு என்று வைத்தால் வருஷம் ஓடிவிடும். சென்னை மாதிரி கடலோர ஊரில் இருப்பவர்கள் தகர பொம்மைக்குப் பக்கத்தில் சிலிக்கா ஜெல் பை போடாமல் வைக்கவே வைக்காதீர்கள்.

மாசிவீதி

மதுரையிலிருந்து ஒன்று. ஜி.ஐ.ஜோ படைவீரர் பொம்மைகள் இந்த இழையில் சேருமா என்று தெரியவில்லை, லேசர் துப்பாக்கி, ஜெட் பேக், கோப்ரா எல்லாம் இருப்பதால் சேர்த்துக்கொள்கிறேன்.

பன்னிரண்டு வருஷம் முன்னால், மாசி வீதிப் பக்கம் ஒரு ஃபேன்சி ஸ்டோர். மேல் தட்டில் தூசியோடு ஒன்பது ஃபன்ஸ்கூல் ஜி.ஐ.ஜோ, கார்டு பிரிக்காமல். நம்ம சென்னைக் கம்பெனி அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனியோடு சேர்ந்து இங்கேயே வார்த்ததை வெளிநாட்டுக்காரர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள், அமெரிக்காவில் வராத நிறங்களும் ஜோடிப்புகளும் அதில் உண்டு என்பதால். எனக்கு அது தெரியும். கடைக்காரருக்குத் தெரியாது.

"இதெல்லாம் விக்காமக் கெடக்குது தம்பி, எல்லாத்தையுமா கேக்குறீங்க?" என்றார். கார்டில் அச்சடித்திருந்த பழைய விலையை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். தினசரி காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக் கூட்டினார். கூட்டி முடித்துவிட்டு, பழைய சரக்குதானே என்று அவராகவே பத்து சதவீதம் கழித்தார். நான் கேட்கவில்லை. கழித்துவிட்டு ஒரு துணியால் ஒன்பதையும் துடைத்துக் கொடுத்தார்.

அதில் இரண்டை விற்றபோது ஒன்பதுக்கும் கொடுத்ததைவிடப் பல மடங்கு வந்தது. பாதியை அவருக்குக் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். போனபோது அங்கே செல்போன் கவர் விற்றுக்கொண்டிருந்தார்கள், பழையவர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. காலண்டர் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

கென்னர்_கண்ணன்

மாசிவீதி, இதில் தப்பே இல்லை. வருஷக்கணக்கில் தேடி, படித்து, ஏமாந்து சேர்த்த அறிவுக்குத்தானே அந்தப் பணம்? அவர் விலை சொன்னார், நீங்கள் கொடுத்தீர்கள். இப்படி எல்லோரிடமும் விலையைச் சொல்லிக்கொண்டிருந்தால் யாரும் சேகரிக்க முடியாது.

மூணேமுக்கால்

கண்ணன், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கடைக்காரர் கேட்ட விலையைக் கொடுத்தது சரி. அவராகக் கழித்த பத்து சதவீதத்தை வாங்கியிருக்கக் கூடாது. அந்த இடத்தில் வேண்டாம் அண்ணாச்சி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், மாசிவீதிக்கும் அதுதான் உறுத்துகிறது என்று நினைக்கிறேன். அப்புறம், லெஸ்டர்வாசியின் ஜாவாவைப் பார்க்காமலே போலி என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? முதலில் வினைலோடு விற்றது உண்மை என்றால் அவை எங்கேயோ ஒரு டப்பாவில்தானே கிடக்க வேண்டும்?

என் கதை சின்னது. மஞ்சளாகிப் போன ஸ்டார்ம்ட்ரூப்பரை சலூனில் விற்கும் பெராக்சைடு க்ரீம் தடவி மொட்டை மாடி வெயிலில் வைத்தேன். சாயங்காலம் பால் மாதிரி வெள்ளை. ஒரு வருஷம் கழித்து மறுபடி மஞ்சள், அதுவும் திட்டுத் திட்டாக. அது என் தம்பியின் பொம்மை. மஞ்சளாகவே இருந்திருக்கலாம்.

ஓஹையோ_மீனா

சின்சினாட்டி, கென்னர் இருந்த ஊர். ஒரு கராஜ் சேல், வீட்டு வாசலிலேயே பழைய சாமான் விற்பது.

1977 மே மாதம் ஸ்டார் வார்ஸ் படம் வந்துவிட்டது, கிறிஸ்துமஸுக்குள் பொம்மை தயாராகாது என்று தெரிந்ததும் கென்னர் ஓர் அட்டை உறையைத்தான் விற்றது. உள்ளே ஒரு சான்றிதழ், அதை அனுப்பினால் அடுத்த வருஷம் லூக், லேயா, சூபாக்கா, ஆர்ட்டூ நாலும் தபாலில் வரும். ஏர்லி பேர்ட் என்று அதற்குப் பெயர். இதை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், அதை வாங்கின குழந்தை ஒருவரை நேரில் பார்த்தது அன்றைக்குத்தான். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கிறிஸ்துமஸ் மரத்தடியில் தட்டையாக ஒரு உறையைப் பார்த்துவிட்டு அழுதேன், அப்பாவின் முகம் போன போக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது என்றார். ஜனவரியிலிருந்து தினமும் இரண்டு பேரும் சேர்ந்தே தபால் பெட்டிக்குப் போவார்களாம்.

நாலு உருவமும், வந்த வெள்ளை அட்டைப் பெட்டியும் இருந்தன. பேரம் எல்லாம் முடிந்துவிட்டது, காசையும் கொடுத்துவிட்டேன். பெட்டியை என்னிடம் நீட்டியவர் ஒரு நிமிஷம் என்று திரும்ப வாங்கி, மேலே ஒட்டியிருந்த முகவரிச் சீட்டை நகத்தால் கிளற ஆரம்பித்தார். அவருடைய பெயர், சின்ன வயதில் இருந்த வீட்டு முகவரி. பெட்டியின் மேல்தாள் அதோடு சேர்ந்து உரிந்து வந்தது, பழுப்பு அட்டை தெரிந்தது. சேகரிப்பாளர் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஐயோ என்று கையைப் பிடித்திருப்பார்கள். எனக்கும் வாய் வரை வந்தது. சீட்டை நாலாக மடிக்காமல், நீளவாக்கில் வளைத்து பர்ஸில் வைத்துக்கொண்டார்.

கண்ணன் தயவுசெய்து அந்தப் பெட்டியின் மதிப்பு எவ்வளவு குறைந்தது என்று எழுத வேண்டாம். எனக்குத் தெரியும். என்னை உறுத்துவது வேறு, பெட்டியையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை.

லெஸ்டர்வாசி

எல்லோருடையதையும் இரண்டு தடவை படித்தேன். மீனா, அந்தப் பெட்டி உங்களிடம் இருப்பதே நல்லது என்று நினைக்கிறேன்.

கண்ணன், நீங்கள் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம். விளிம்பு கத்தரித்த மாதிரி நேராக இருந்ததா, அச்சில் வந்த மாதிரி மெல்லிசாக முடிந்ததா என்று எத்தனை தடவை யோசித்தாலும் ஞாபகத்தில் வருவது அந்த அம்மாவின் நகம்தான். போன வாரமும் அதற்கு முந்தின வாரமும் போய்ப் பார்த்தேன், அவர் வரவில்லை. வந்தால் வாங்கினவர் யார் என்று கேட்கப் போவதில்லை, அந்தப் பையன் ஏன் அங்கியைக் கழற்றவே விடவில்லை என்று கேட்க வேண்டும்.

நாளைக்கு ஞாயிறு. கண்ணாடியைச் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டேன்.