புதுப்பிப்பு: குறைமாதக் குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கலாமா?

தங்கச்சி மகன் 31 வாரத்துலயே பிறந்து சேலத்துல என்.ஐ.சி.யு.ல (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு) இருக்கான், எண்ணெய் தேய்க்கலாமான்னு முன்னாடி கேட்டிருந்தேன். தோல் ரொம்ப மெல்லிசு, இப்போ வேண்டாம்னுட்டாங்க சிஸ்டர்.

முதல்ல கங்காரு பராமரிப்புதான். டயப்பர், குல்லா மட்டும் போட்டு, தங்கச்சி நெஞ்சோட நெஞ்சா படுக்க வெச்சு, தலையை ஒருபக்கம் திருப்பித் துணியால கட்டிவிடறாங்க. தினம் 8 மணி நேரத்துக்குக் குறையாம, முடிஞ்ச வரைக்கும் வெச்சிருக்கணும்னு உலக சுகாதார நிறுவனமே 2022ல சொல்லியிருக்கு. மாப்பிள்ளையும் மாத்தி மாத்தி வெச்சுக்கறார், அதைப் பார்க்கவே அவ்ளோ சந்தோஷம்.

எடை ஏறினப்புறம் மசாஜ் சொல்லிக் குடுத்தாங்க. விரல் நுனியால லேசா வருடினா கூசும்; உள்ளங்கையால மிதமா அழுத்தித் தடவணும். முகம் சுளிச்சாலோ, விரலை விறைப்பா விரிச்சாலோ உடனே நிறுத்திடணும்.

ஏற்காட்டுலேருந்து வந்த அம்மாயி கால்ல போட்டுக் குளிப்பாட்டணும்னு துடிக்கிறாங்க. அதுக்கு டாக்டர் சொல்லட்டும்.