பழைய சாரட்டு விளக்கு ஜோடி கிடைச்சிருக்கு, பாலீஷ் போட்டு பவுடர் கோட்டிங் கொடுக்கலாமா?

ராந்தல்:

வணக்கம் மக்களே. அந்தக் காலத்து குதிரை சாரட்டுல ரெண்டு பக்கமும் சொருகி வச்சிருப்பாங்களே மெழுகுவர்த்தி விளக்கு, அதுல ஒரு ஜோடி கைக்கு வந்திருக்கு. வெளிய கருப்பு பூச்சு, பாதி உரிஞ்சு போச்சு. கதவு ஓரம் பூரா பித்தளைப் பட்டை. உள்ள வெளிச்சத்தை முன்னாடி தள்ளறதுக்கு ஒரு தகடு இருக்குல்ல, அது கன்னங்கரேல்னு இருக்கு, நடுவுல அங்கங்க செம்பு நிறம் எட்டிப் பாக்குது. மேல புகை போற மூடியில நல்ல ஒடுக்கு, அதோட விளிம்புல மயிரிழை கீறல் வேற. ஒரு விளக்குல கீழ இருக்கற தண்டு, அதான் வண்டியில சொருகற குழாய், லொடலொடன்னு ஆடுது. இன்னொண்ணுல மெழுகுவர்த்தி போடற உள்குழாய் இறுகிக்கிச்சு, எவ்வளவு முறுக்கினாலும் வரல. பக்கக் கண்ணாடி ஒண்ணு உடைஞ்சும் இருக்கு.

என் பிளான் என்னன்னா மொத்தமா காஸ்டிக் சோடாவுல ஊறப்போட்டு கருப்பை எடுத்துட்டு, ஆடற தண்டை கேஸ் டார்ச் வச்சு பிரேசிங் (அதிக சூட்டுல வேற உலோகத்தை உருக்கி ஒட்டறது) பண்ணிட்டு, பித்தளையை பஃபிங் வீல்ல பளபளன்னு ஆக்கிட்டு, மத்ததுக்கு கருப்பு பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவி அடுப்புல உருக்கி ஒட்ட வைக்கறது). அப்புறம் அடியில ஓட்டை போட்டு ஒயர் இழுத்து பல்பு மாட்டிடலாம்னு இருக்கேன். வெல்டிங், பைக் டேங்க் ஒடுக்கு எடுக்கறதெல்லாம் பழக்கம்தான், ஆனா இவ்வளவு மெல்லிசு தகடு தொட்டதில்ல. யாராவது செஞ்சவங்க இருந்தா சொல்லுங்க.

---

தகரப்பட்டறை:

தம்பி, மொதல்ல அந்த டார்ச்சை ஓரமா வைங்க. பிளான்ல இருக்கற எல்லாத்தையும் ஒரே ஒரு நம்பர் தீர்மானிக்கும், 183 டிகிரி. இந்த விளக்கெல்லாம் வெட்டி மடிச்சு வளைச்ச சின்னச் சின்னத் தகடுங்க, அதுங்களை ஒண்ணு சேத்துப் பிடிச்சிருக்கறது பூரா ஈயமும் வெள்ளீயமும் கலந்த பழைய சால்டர்தான், அது 183ல இளக ஆரம்பிச்சிடும். பவுடர் கோட்டிங் அடுப்புல பொதுவா 180லருந்து 200 வரைக்கும் போவாங்க. நீங்க விளக்கா உள்ள அனுப்புவீங்க, வெளிய வரும்போது தகடு தகடா தனித்தனியா வரும், இது விளையாட்டுக்கு சொல்லல.

பிரேசிங் அதைவிட மோசம். வெள்ளி கலந்த சால்டர் வச்சு டார்ச்சால ஊதினாலே 600க்கு மேல போகணும், சுத்தி இருக்கற எல்லா பத்தும் (சால்டர் வச்சு ஒட்டின இணைப்பு) விட்டுப்போயிடும், அதோட பழைய ஈயம் ஒட்டியிருக்கற இடத்தை அந்தச் சூட்டுக்கு கொண்டுபோனா ஈயம் உலோகத்துக்குள்ளயே இறங்கி ஓட்டை ஓட்டையா அரிச்சுடும். அரிச்ச தகட்டை திரும்ப ஒண்ணும் பண்ண முடியாது.

காஸ்டிக் சோடாவும் வேணாம். காந்தம் வச்சுப் பாருங்க, ஒட்டினா அது தகரம், அதாவது இரும்புத் தகட்டு மேல வெள்ளீயம் பூசினது. காஸ்டிக் அந்த வெள்ளீயத்தையே தின்னுடும், அப்புறம் இரும்பு வெறுமனே நிக்கும், துரு பிடிக்க நேரமே ஆகாது.

தண்டு ஆடறதுக்கு வழி இருக்கு. வண்டி குலுங்கற குலுக்கல் எல்லாம் வந்து இறங்கற இடமே தண்டும் உடம்பும் சேர்ற அந்த வளையம்தான், அங்க பழைய சால்டர் விட்டிருக்கும், சில சமயம் தகடே கிழிஞ்சிருக்கும். கிழிஞ்சிருந்தா உள்பக்கமா ஒரு மெல்லிசு பித்தளை வளையம் வெட்டி வச்சு அதோட சேத்து பத்தவைங்க, வெளிய இருந்து ஈயத்தைக் குவிச்சு மூடாதீங்க, அது நிக்கவும் நிக்காது, அசிங்கமாவும் இருக்கும். பெரிய செம்பு மூக்கு உள்ள சால்டரிங் அயர்ன் எடுங்க. சின்ன எலக்ட்ரானிக்ஸ் அயர்ன் தகட்டோட சூட்டுக்கு ஈடு கொடுக்காது, நீங்க ரொம்ப நேரம் வச்சு அழுத்த அழுத்த சூடு பரவி பக்கத்து பத்து இளகும், கனமான மூக்குன்னா சட்டுனு அந்த இடத்துல மட்டும் வேலை முடிஞ்சிடும். பக்கத்து பத்துங்க மேல ஈரத்துணி சுத்தி வச்சுக்கோங்க, கட்டுக்கம்பியால இறுக்கிக் கட்டிட்டு ஆரம்பிங்க. ஃபிளக்ஸா, அதாவது சால்டர் ஒட்டறதுக்காக முன்னாடி தடவறதா, துத்தநாகம் கரைச்ச ஆசிட் போட்டா நல்லாப் பிடிக்கும், ஆனா வேலை முடிஞ்ச கையோட சமையல் சோடா கலந்த தண்ணில கழுவி நல்ல தண்ணிலயும் கழுவி காய வைக்கணும், மடிப்புக்குள்ள கொஞ்சம் தங்கிட்டாக்கூட உள்ளுக்குள்ளயே அரிக்கும்.

இறுகின குழாய் பெரிய விஷயமே இல்ல. உள்ள ஒரு ஸ்பிரிங் இருக்கு, அது மெழுகுவர்த்தியை மேல தள்ளிக்கிட்டே இருக்கும், குழாயோட மேல் மூடியில இருக்கற ஓட்டை வழியா திரி மட்டும் வெளிய நிக்கும். அதனாலதான் மெழுகு கரையக் கரைய சுடர் எறங்காம ரிஃப்ளெக்டருக்கு (வெளிச்சத்தை முன்னாடி தள்ளற அந்தத் தகடு) நேரா ஒரே உயரத்துல எரியும். அந்தக் காலத்துல யோசிச்ச ஆள் கெட்டிக்காரன். பழைய மெழுகு வழிஞ்சு ஸ்பிரிங்கோட சேந்து உறைஞ்சிருக்கும், அவ்வளவுதான். மெழுகு அறுபது எழுபது டிகிரிலயே உருகிடும், சுடுதண்ணியை தண்டு மேல ஊத்திக்கிட்டே மெதுவா திருப்புங்க. குழாயோட அந்த மூடி சின்ன முளை வச்சு திருப்பி மாட்டற டைப்பா இருக்கும், பிடுங்கி எடுக்கப் பாக்காதீங்க. கழட்டும்போது முகத்தை நேரா வைக்காதீங்க, ஸ்பிரிங்குக்கு இன்னும் உயிர் இருந்தா எகிறும்.

---

மெருகு:

தகரப்பட்டறை அண்ணன் சொன்னதுக்கு மேல ரெண்டு விஷயம்.

அந்தக் கருத்துப்போன தகடு செம்பு மேல வெள்ளி. செம்பு தெரியற இடத்துலயெல்லாம் யாரோ ஏற்கனவே தேய்ச்சுத் தேய்ச்சு வெள்ளியைக் காலி பண்ணியிருக்காங்கன்னு அர்த்தம். பாக்கி இருக்கறது ரொம்ப மெல்லிசு. பித்தளை பாலீஷ், டூத்பேஸ்ட், பஃபிங் வீல் எதுவும் அது பக்கம் போகக்கூடாது. வெதுவெதுப்பான தண்ணில கொஞ்சம் சோப்பு போட்டு புகைக்கரியை மொதல்ல எடுங்க, பாதி கருப்பு அதாத்தான் இருக்கும். மிச்சம் இருக்கறது வெள்ளி கந்தகத்தோட சேந்து கருத்தது, அதுக்கு ரொம்ப நைசான சுண்ணாம்புப் பொடியை (கால்சியம் கார்பனேட், வெத்தலைக்குப் போடற சுண்ணாம்பு கிடையாது) தண்ணில குழைச்சு பஞ்சால லேசா ஒத்தித் தேய்ங்க. பாதி பளபளப்பு வந்தாலே போதும்னு நிறுத்திடுங்க. புதுசா வெள்ளி முலாம் போட்டே ஆகணும்னா முலாம் பட்டறையில கொடுங்க, அங்கயும் சால்டர் இருக்கற இடம் இதுன்னு சொல்லிக் கொடுங்க, ஈயத்து மேல வெள்ளி நேரா பிடிக்காது, அடியில செம்பு பூசிட்டுத்தான் ஏத்தணும். வீட்ல ட்ரை பண்ணாதீங்க, அந்தக் கரைசல்ல சயனைடு இருக்கும்.

ரெண்டாவது அந்த மயிரிழை கீறல். அது அடிபட்டு வந்ததா இருக்கணும்னு அவசியமில்ல. அந்த வட்ட மூடி கடைசல்ல சுத்தவிட்டு மர அச்சு மேல தகட்டை அழுத்தி எடுத்தது, அப்படி செய்யும்போது பித்தளைக்குள்ள ஒரு இழுவிசை தங்கிடும். அதுல அம்மோனியா பட்டா வருஷக்கணக்குல தானா வெடிக்கும். பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவுல மழைக்காலத்துல தோட்டாக்களை குதிரை லாயத்துல அடுக்கி வச்சிருந்தப்ப பித்தளைக் கூடெல்லாம் விரிசல் விட்டுச்சு, காரணம் குதிரை மூத்திரத்துலருந்து வர்ற அம்மோனியா. 1921ல மூர், பெக்கின்சேல், மாலின்சன்னு மூணு பேர் இதை ஆராய்ச்சி பண்ணி எழுதினாங்க. இப்ப யோசிச்சுப் பாருங்க, சாரட்டு விளக்கு தன் காலம் பூரா எங்க இருந்திருக்கும்? லாயத்துப் பக்கத்துலதான்!

அதனால அம்மோனியா கலந்த பாலீஷ் வாங்கவே வாங்காதீங்க, டப்பாவுல மூக்கைத் துளைக்கற வாசனை வந்தா அதுதான். கீறலுக்கு உள்பக்கம் ஒரு சின்ன பித்தளைத் துண்டு வச்சு சால்டர் பண்ணா போதும். ஒடுக்கை எடுக்கறதுக்கு முன்னாடி கீறலைப் பாத்துடுங்க, வெடிச்ச விளிம்பை தட்டினா கீறல் நீளும்.

அப்புறம் அந்தக் கருப்பைத் தொடாதீங்கன்னுதான் நான் சொல்வேன். எவ்வளவு மிச்சம் இருக்கோ அதை அப்படியே வச்சு மேல மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு (பழைய பொருளைப் பாதுகாக்கத் தடவற மெழுகு) ஒரு கோட் கொடுத்தா நிக்கும்.

---

கருப்பண்ணன்:

மெருகு சொல்றதுல கடைசி வரியை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். அலமாரியில வைக்கற பொருளுக்கு அது சரி. இது மழையிலயும் சேத்துலயும் ஓடின வேலைச் சாமான், ஓடிக்கிட்டிருந்த காலத்துலயே கருப்பு உரிஞ்சா திருப்பிப் பூசிக்கிட்டேதான் இருந்தாங்க. பாதி உரிஞ்ச பூச்சுக்கு அடியில ஈரம் புகுந்தா தகரம் உள்ளுக்குள்ளயே துரு ஏறும், மேல மெழுகு தடவி என்ன பிரயோஜனம்? பூச்சு கெட்டியா இருந்தா வைங்க, நகத்தால சுரண்டினா பொலபொலன்னு வந்தா எடுங்க.

அது சாதாரண பெயின்ட் இல்ல, ஜப்பான் பிளாக். ஆஸ்பால்ட், அதான் இயற்கையா கிடைக்கற கருப்பு நிலக்கீல், அதை டர்பன்டைன்ல கரைச்சு காய்ச்சின ஆளிவிதை எண்ணெய் சேத்து பூசறது. மெல்லிசு மெல்லிசா பல கோட், ஒவ்வொரு கோட்டும் சூடு காட்டி இறுக வைக்கணும். முதல் கோட் பாத்தா பிரவுனா அசிங்கமாத்தான் இருக்கும், பயந்து போய் கெட்டியா பூசிடாதீங்க, அப்படிப் பூசினா மேல தோல் கட்டி உள்ள பிசுபிசுன்னே நிக்கும். மூணாவது நாலாவது கோட்லதான் அந்த ஆழமான கருப்பு வரும், ஸ்ப்ரே பெயின்ட்ல அது வராது. விளக்கு சால்டர் போட்டதுங்கறதால 120 டிகிரியைத் தாண்டாதீங்க, நேரம் கூட எடுத்துக்கட்டும். சமையல் ஓவன்ல வைக்கவே கூடாது, டர்பன்டைன் ஆவி தீப்பிடிக்கும், பூசினதும் வெளியில நல்லா ஆவியாக விட்டுட்டுத்தான் சூட்டுக்கே கொண்டுபோகணும். ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணியை சுருட்டிப் போடாதீங்க, விரிச்சுக் காயப்போடுங்க, குவிச்சு வச்சா தானாவே பத்திக்கும்.

பழசை எடுக்கும்போது காய்ஞ்ச உப்புத்தாள் வேணாம், பழைய பூச்சுல ஈயம் இருக்க வாய்ப்பிருக்கு, தண்ணி தொட்டு தேய்ங்க, மாஸ்க் போட்டுக்கோங்க.

---

மெருகு:

கருப்பண்ணன், பொலபொலன்னு வந்தா எடுக்கணும்கறது சரிதான், அதுல சண்டை இல்ல. ஆனா நம்மாளு பிளான்ல இருந்தது மொத்தமா உரிக்கறது. எடுக்கறதுக்கு முன்னாடி பித்தளைப் பட்டைக்கு ஓரத்துலயும் உள் மூலையிலயும் பாக்கணும், சில விளக்குல கருப்பு மேல மெல்லிசா தங்கக் கோடோ வேற கலர் கோடோ இழுத்திருப்பாங்க, வண்டியோட நிறத்துக்கு தோதா. உரிச்சுட்டா எது இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாம போயிடும். மொதல்ல நாலா பக்கமும் போட்டோ எடுத்து வைங்க.

---

ராந்தல்:

அய்யோ நல்லவேளை கேட்டேன். பவுடர் கோட்டிங் கேன்சல். சுடுதண்ணி ஊத்தி குழாய் வந்துடுச்சு, ஸ்பிரிங் துரு பிடிச்சிருக்கு ஆனா அமுங்குது. காந்தம் உடம்புல ஒட்டுது, மூடிலயும் பட்டையிலயும் ஒட்டல.

இப்ப புது சந்தேகம். ரெண்டும் ஒண்ணா செஞ்ச ஜோடிதானான்னு எப்படி கண்டுபிடிக்கறது? அப்புறம் கண்ணாடிக்கு சாதாரண ஜன்னல் கண்ணாடி வெட்டிப் போட்டா ஆகாதா? ஒடுக்கை பைக் டேங்குக்கு எடுக்கற மாதிரி சுத்தியால தட்டலாமா?

---

தகரப்பட்டறை:

சுத்தி வேணாம். தகட்டைத் தட்டத் தட்ட அது விரியும், விரிஞ்ச இடம் போக எடம் இல்லாம டப்பா மூடி கணக்கா உள்ளயும் வெளியயும் டொக்கு டொக்குன்னு அடிக்கும், அதை சமாதானம் பண்றது ஒடுக்கை எடுக்கறதைவிட பெரும்பாடு. நுனி உருண்டையா மெருகேத்தின ஒரு இரும்புக் கம்பியை வைஸ்ல பிடிச்சுக்கோங்க, மூடியை அது மேல கவுத்து கையால அழுத்தி அழுத்தி நகத்துங்க, ஒடுக்கோட ஓரத்துல ஆரம்பிச்சு சுத்திக்கிட்டே நடுவுக்கு வாங்க. கடைசியா மரச்சுத்தியால ரெண்டு தட்டு வேணும்னா தட்டிக்கலாம். பித்தளை அடி வாங்க வாங்க விறைச்சுப் போகும், மாமூலா அதைப் பழுக்கக் காய்ச்சி இளக்குவாங்க, ஆனா உங்க மூடியில சால்டர் இருக்கறதால அந்த வழி அடைஞ்சுபோச்சு. அதனால முக்கால்வாசி நேரானதும் விட்டுடுங்க.

ஜோடி விஷயம்: சாரட்டு விளக்கு இடது வலதுன்னு தனித்தனியா செய்வாங்க. முன்பக்கமும் வண்டிக்கு வெளிப்பக்கமும் கண்ணாடி இருக்கும், வண்டியை ஒட்டின பக்கம் பெரும்பாலும் தகடு, பின்னாடி சின்னதா சிவப்புக் கண்ணாடி. ரெண்டையும் முன்பக்கம் உங்களைப் பாக்கற மாதிரி வைங்க, பக்கக் கண்ணாடி ஒண்ணுக்கு இடதுலயும் ஒண்ணுக்கு வலதுலயும் வரணும், கதவுக் கீலும் எதிரெதிரா இருக்கணும். ரெண்டுக்கும் ஒரே பக்கம் வந்தா வேற வேற வண்டியிலருந்து வந்து சேந்ததுங்க. செஞ்சவர் பேர் முத்திரை உடம்புலயோ மூடியிலயோ அடிச்சிருக்கும், தேய்க்கறதுக்கு முன்னாடி தேடுங்க, பஃபிங் வீல் மொதல்ல அழிக்கறதே அதைத்தான்.

ஜன்னல் கண்ணாடி உக்காரும், ஆனா பழசுல ஓரம் சரிவா செதுக்கியிருப்பாங்க, அந்தச் சரிவுலதான் வெளிச்சம் உடைஞ்சு மின்னும், பக்கத்துக் கண்ணாடியோட வச்சுப் பாத்தா குருடாத் தெரியும். உடைஞ்ச துண்டை தூக்கிப் போடாதீங்க, கண்ணாடி வெட்டறவருக்கு கனமும் சரிவோட அகலமும் அதைப் பாத்துதான் தெரியும். அளவுல ஒரு மயிரிழை சின்னதாவே வெட்டச் சொல்லுங்க, சூட்டுல தகடு விரியும்போது இறுக்கமா இருந்தா கண்ணாடிதான் போகும். பிடிச்சிருக்கற குட்டி பித்தளை நாக்குங்களை எத்தனை கம்மியா மடக்க முடியுமோ அத்தனை கம்மியா மடக்குங்க, ரெண்டாம் தடவை நிமித்தினா ஒடிஞ்சு கையில வந்துடும்.

பல்புக்கு ஓட்டை போடாதீங்க. அந்த உள்குழாய்ல இறங்கற அளவுக்கு பேட்டரி எல்இடி மெழுகுவர்த்தி கிடைக்குது, ஸ்பிரிங்கை கழட்டி பத்திரமா எடுத்து வச்சுட்டு அதை சொருகிடுங்க. நிஜ மெழுகுவர்த்தி ஏத்தறதா இருந்தா கெட்டியான மெழுகா பாத்து போடுங்க, இளகினது ஸ்பிரிங் அழுத்தத்துல வழிஞ்சு திரும்ப குழாயை அடைச்சுடும். ஏத்தறதுக்கு முன்னாடி அடியில இருக்கற காத்து ஓட்டைங்களை குத்தி விட்டுடுங்க, பூச்சும் பாலீஷும் போய் அடைச்சிருக்கும், காத்து கிடைக்கலன்னா நீங்க கஷ்டப்பட்டு துடைச்ச வெள்ளி மேல ஒரே ராத்திரில கரி அப்பிடும். மேல புகை போற மூடிக்கு லாக்கர் (பளபளப்பு மங்காம இருக்க அடிக்கற தெளிவான வார்னிஷ்) அடிக்காதீங்க, சூட்டுல மஞ்சளாகி உரியும்.