புதுப்பிப்பு: ஆன்டெனாபாடில் எபிசோடு தானாக இறங்காத பிரச்சினை தீர்ந்தது

பழைய ஆப்பை விட்டு ஆன்டெனாபாடு என்ற பாட்காஸ்ட் ஆப்புக்கு மாறினேன், ராத்திரியில் புது எபிசோடுகள் இறங்கவே மாட்டேன் என்கின்றன என்று புலம்பியிருந்தேன் அல்லவா? காரணம் பிடிபட்டுவிட்டது. தப்பு ஆப் மேல் இல்லை. போனின் பேட்டரி சேமிப்பு அமைப்பு, பின்னணியில் ஓடுவதையெல்லாம் உறங்க வைத்துக்கொண்டிருந்தது. ஆன்டெனாபாடுக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினேன். ஐந்து நாளாகக் காலையில் எல்லாம் தயாராக இருக்கிறது.

ஒரு ஆப்பிலிருந்து இன்னொன்றுக்குச் சந்தாக்களைக் கொண்டுபோக உதவும் ஓபிஎம்எல் கோப்பு பற்றி ஒரு எச்சரிக்கை. அதில் சந்தாப் பட்டியல் மட்டும்தான் வரும். எதைக் கேட்டு முடித்தோம், எந்த நிமிடத்தில் நிறுத்தினோம் என்பதெல்லாம் வராது. இது தெரியாமல், கேட்டவற்றை ஒவ்வொன்றாகக் கையால் குறித்ததில் என் ஞாயிற்றுக்கிழமை போச்சு. ஆன்டெனாபாடிலிருந்து இன்னொரு போனில் உள்ள ஆன்டெனாபாடுக்கே போவதென்றால் தரவுத்தளத்தை ஏற்றுமதி செய்யுங்கள், கேட்ட வரலாறும் கூடவே வரும். இறக்கிவைத்த ஆடியோ மட்டும் வராது, திரும்ப இறக்க வேண்டும்.

கணக்குத் தொடங்க வேண்டுமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். இரண்டு கருவிகளை ஒத்திசைக்க நினைத்தால்தான் நெக்ஸ்ட்கிளவுட் (தரவைச் சொந்த சர்வரில் வைத்துக்கொள்ள உதவும் மென்பொருள்) மாதிரி ஒன்று தேவை. ஆன்டெனாபாடு ஐபோனுக்கு இல்லை, ஆண்ட்ராய்டு மட்டும்.

வேகத்தை ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனித்தனியாக வைக்கலாம் என்பது எனக்குத் தாமதமாகத்தான் கண்ணில் பட்டது. நீட்டி முழக்குபவருக்கு 1.4, கதை சொல்பவருக்கு 1. உறக்க டைமரைப் போனைக் குலுக்கியே நீட்டிக்கலாம். தூக்கக் கலக்கத்தில் குலுக்கி, போனைக் கட்டிலுக்கடியில் எறிந்தது தனிக்கதை.