கார்ல கூலன்ட் (இன்ஜின் சூட்ட குறைக்கிற திரவம்) ஊத்தியும் ஹீட்டர்ல சூடு வரல, என்ன பண்ணலாம்?

கூலன்ட் மினிமம் கோட்டுக்கு கீழ போயிருந்துச்சு, நேத்து நானே ஊத்தினேன். ஆனா ஹீட்டர் போட்டா ஐடில்ல (வண்டி நின்னு இன்ஜின் மட்டும் ஓடுறப்ப) சூடில்லாத காத்துதான் வருது, ஆக்சிலரேட்டர் மிதிச்சா சூடு வருது, விட்டா போயிடுது. ஏங்க இப்படி?

பதில் 1:
கூலன்ட் ஓடுற குழாய்க்குள்ள காத்து மாட்டியிருக்கும்ங்க. இன்ஜின் நல்லா ஆறினப்புறம் மட்டும் கூலன்ட் ஊத்துற மூடிய திறங்க, சூட்டுல திறந்தா கொதிக்கிற கூலன்ட் மூஞ்சில அடிக்கும், இதுல அவசரமே வேணாம். வண்டி முன்பக்கம் மேடா நிக்கிற மாதிரி நிறுத்தி, ஹீட்டர ஃபுல் ஹாட்ல வெச்சு ஐடில்ல ஓட விடுங்க, குமிழி வர வர லெவல் இறங்கும், அப்பப்ப ஊத்திட்டே இருங்க. சில வண்டில காத்து எடுக்க தனி ஸ்க்ரூவே இருக்கு, மேனுவல் பாத்துக்கோங்க.

பதில் 2:
அவர் சொல்றது சரி, ஆனா குறைஞ்ச கூலன்ட் எங்க போச்சுன்னு முதல்ல பாருங்க. டேஷ்போர்டுக்கு கீழ கார்பெட் ஈரமா இருந்து, இனிப்பு வாசனையோட கண்ணாடில மூட்டம் கட்டுச்சுன்னா ஹீட்டர் கோர் (சூடான கூலன்ட் ஓடி உள்ள வர்ற காத்த சூடாக்குற குட்டி ரேடியேட்டர்) ஒழுகுது.

கேட்டவர்:
கார்பெட் காஞ்சுதான் இருக்கு. பச்சை கலர் பாத்து ஊத்தினேன், சரிதானே?

பதில் 2:
கலர நம்பாதீங்க, மேனுவல்ல சொன்ன வகைதான் ஊத்தணும், கான்சன்ட்ரேட்னா (தண்ணி கலக்காதது) டிஸ்டில்டு வாட்டரோட பொதுவா பாதிக்குப் பாதி. கீழ சிந்தினா உடனே தொடச்சிடுங்க, நாய் பூனை நக்கினா செத்துடும்.

பதில் 3:
காத்து எடுத்தும் சரியாகலன்னா ஹீட்டருக்குப் போற ரெண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்க. ஒண்ணு சூடு ஒண்ணு ஜில்லுன்னா கோர் அடைப்பு, இல்லன்னா ஹீட்டருக்கு கூலன்ட் விடுற வால்வு கோளாறு. டெம்பரேச்சர் முள்ளே ஏறலன்னா தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகுற வரைக்கும் கூலன்ட்ட ரேடியேட்டருக்கு விடாத வால்வு) திறந்தபடி மாட்டியிருக்கும்.