சோனா ஹீட்டருக்கு ட்ரிப் சுவிட்ச் வேண்டுமா, வேண்டாமா?

உப்புவெளி வீட்டுக்காரன்:
விருந்தினர் அறைகளுக்குப் பின்னால் பலகையில் ஒரு சோனா அறை (சூட்டில் உட்கார்ந்து வியர்க்கிற அறை) அடித்திருக்கிறேன். உள்ளே 6.3 கன மீட்டர், ஹீட்டர் 6 கிலோவாட். வாங்கிய ஹீட்டர் மாரி முழுக்க ஸ்டோரில் கிடந்தது, போன கிழமைதான் பூட்டினோம். போட்டுப் பத்து நிமிடத்தில் வீட்டு ட்ரிப் சுவிட்ச் (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் லைனை அறுப்பது) விழுகிறது. லைட், ஃப்ரிட்ஜ் எல்லாம் சேர்ந்து போகிறது. வயரிங் செய்தவர், "ஹீட்டர் லைனை ட்ரிப் சுவிட்சுக்கு முன்னாலேயே எடுத்துவிடுகிறேன், பிரச்சினை முடிந்தது" என்கிறார். விடலாமா?

பழைய வயர்மேன்:
தாராளமாக விடலாம் தம்பி. ஹீட்டரில் சூடாகிற எலிமென்ட் குழாய்க்குள் கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஒக்சைட் தூள் இருக்கிறது. சும்மா கிடந்தால் அது ஈரத்தை இழுக்கும். எங்கள் மாரிக்குக் கேட்கவா வேண்டும். அந்த ஈரத்தால் கொஞ்சம் கரண்ட் எர்த்துக்குக் கசிய, 30 மில்லிஅம்பியர் ட்ரிப் விழுகிறது. சில தரம் சூடாக்கினால் காய்ந்துவிடும். இதற்காகத்தான் சோனா அறைக்கான சர்வதேச விதி, ஐஇசி 60364-7-703, மற்ற எல்லா சர்க்கியூட்டுக்கும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் கேட்டுவிட்டு ஹீட்டருக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருக்கிறது. தனி 32 அம்பியர் பிரேக்கர் (கரண்ட் அளவை மீறினால் மட்டும் விழுவது) போதும்.

கன்னியாப் பக்கம்:
திருகோணமலை வெயிலுக்குள் சோனாவா? கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறும் சும்மாதானே கிடக்கிறது, வாளியோடு கூட்டிக்கொண்டு வாருங்கள். கரண்ட் பில்லும் இல்லை.

மூன்றாம் பேஸ்:
வயர்மேன் அண்ணை பாதியைத்தான் சொல்கிறார். அந்த விலக்கு, தொட்ட ஆளைக் காக்கும் மேலதிகப் பாதுகாப்புக்கு மட்டும். ஹீட்டர் உடம்பில் கரண்ட் ஏறினால் லைன் தானாக அறுபட வேண்டும் என்ற விதியை யாரும் தளர்த்தவில்லை. சப்ளைக் கேபிளோடு எர்த்தும் வருகிற நாடுகளில், உடம்பில் கரண்ட் ஏறினால் நூற்றுக்கணக்கான அம்பியர் ஓடி பிரேக்கர் அந்தக் கணமே விழுந்துவிடும். எங்கள் வீடுகளில் எர்த் என்பது முற்றத்தில் அடித்த ரொட். மின்மாற்றிப் பக்க எர்த்தையும் சேர்த்து 10 ஓம் என்று வையுங்கள். 230 வோல்ட்டை 10ஆல் பிரித்தால் 23 அம்பியர். 32 அம்பியர் பிரேக்கருக்கு அது சாதாரண லோட், விழவே விழாது. ஹீட்டர் கரண்டோடு நிற்கும், பக்கத்தில் வியர்த்து ஒழுகுகிற விருந்தினர் இருப்பார்.

பழைய வயர்மேன்:
உப்புவெளியில் அஞ்சடி தோண்டினால் தண்ணீர், அதுவும் உப்புத் தண்ணீர். அங்கே 10 ஓம் எல்லாம் வராது. ரொட்டைக் கீழே இறக்கினால் 5க்குக் கொண்டுவரலாம்.

மூன்றாம் பேஸ்:
5 என்றே வைப்போம் அண்ணை. 46 அம்பியர். 32 அம்பியர் பிரேக்கர் அதன் 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தால் போதும் என்பதுதான் தரம். 1.45 மடங்கு என்றால் 46.4. அதாவது ஒரு முழு சோனா முடிந்து ஆள் கடலில் குளித்துவிட்டும் வந்துவிடலாம். ஆடி மாதம் மேல் மணல் காய்ந்து, உப்புக் காற்றில் கிளாம்பும் துருப்பிடித்தால் அந்த 5ம் நிற்காது.

உப்புவெளி வீட்டுக்காரன்:
இரண்டு பேரும் சண்டை பிடியுங்கள், எனக்கு வழி சொல்லுங்கள். ட்ரிப் போட்டால் இருட்டு, எடுத்தால் ஆபத்து.

மூன்றாம் பேஸ்:
ஹீட்டருக்கென்று தனி ட்ரிப் சுவிட்ச். வீட்டு ட்ரிப்புக்குப் பின்னால் அல்ல, மெயின் சுவிட்சிலிருந்து நேராகப் பிரித்து. அப்போது இது விழுந்தாலும் லைட் போகாது. ஒன்றைக் கவனியுங்கள்: ஹீட்டரின் நியூட்ரலைப் பழைய போர்டின் நியூட்ரல் பட்டையில் முடுக்கிவிடாதீர்கள், புது ட்ரிப்பிலிருந்து ஹீட்டருக்குப் போகிற பக்க நியூட்ரலில்தான் வர வேண்டும். மாறிப் போட்டால் ஹீட்டரைப் போட்டவுடனேயே இரண்டும் விழும். உங்களுடையது பத்து நிமிடம் தாங்குகிறது என்பதால் நியூட்ரல் கோளாறாகத் தெரியவில்லை. மெகர் (இன்சுலேஷன் எத்தனை ஓம் என்று அளக்கும் கருவி) வைத்து மூன்று எலிமென்டையும் தனித்தனியே பார்க்கச் சொல்லுங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு குறைவாக இருந்து, சூடாக்கியபின் ஏறினால் ஈரம். ஒன்று மட்டும் அடியில் கிடந்து ஏறவே மறுத்தால் அது வெடித்த எலிமென்ட், காயும் என்று காத்திருக்காமல் மாற்றுங்கள்.

அப்புறம், வீட்டு சப்ளை சிங்கிள் பேஸ் 30 அம்பியரா? ஹீட்டரே 26 எடுக்கும். ஏசி ஒன்று ஓடினால் மெயின் விழும். த்ரீ பேஸ் எடுத்தால் பேசுக்கு 9 அம்பியர்கூட வராது. 2 கிலோவாட் எலிமென்ட் மூன்று என்றால் பெரும்பாலும் ஹீட்டருக்குள் எலிமென்ட் முனைகளை இணைக்கும் பாலத் தகடுகளைக் கழற்றி மாற்றினாலே போதும், புத்தகத்தில் படம் இருக்கும்.

உப்புவெளி வீட்டுக்காரன்:
சிங்கிள் பேஸ்தான். வயர் 4 சதுர மில்லிமீட்டர், சாதாரண பிவிசி, பலகைக்குப் பின்னால் ஹீட்டர் வரைக்கும் போகிறது.

பழைய வயர்மேன்:
அதைக் கழற்று தம்பி! இதில் எனக்கும் அவருக்கும் சண்டை இல்லை. பிவிசி 70 பாகையோடு சரி, சோனாச் சுவர் அதைத் தாண்டும். 6 சதுர மில்லிமீட்டரை வெளியே ஒரு பெட்டி வரை கொண்டு வா. அங்கிருந்து தரையை ஒட்டி, வெப்பம் தாங்கும் ரப்பர் கேபிள். லைட் சுவிட்ச் வெளியே. உள்ளே பிளக் பொயின்ட் கூடவே கூடாது.

ட்ரிப் விஷயத்தில் ஒரு படி இறங்குகிறேன்: தனியாக 100 மில்லிஅம்பியர். எர்த் 500 ஓம் வரை இருந்தாலும் அது லைனை அறுக்கும், ஈரத்துக்குச் சும்மா சும்மா விழாது.

மூன்றாம் பேஸ்:
காயும் வரை 100 சரி. காய்ந்த பிறகு 30ஐப் போட்டுப் பார்க்க என்ன தடை? 100 மில்லிஅம்பியர் ஆளைக் காப்பாற்றும் கணக்கில் வராதே அண்ணை.

பழைய வயர்மேன்:
தடை அடுத்த மாரிதான். ஐப்பசியில் விருந்தினர் இல்லை, ஹீட்டர் சும்மா கிடக்கும், மாசியில் திரும்பவும் விழும். அப்போது உங்களைத்தான் கூப்பிடச் சொல்வேன்.

உப்புவெளி வீட்டுக்காரன்:
மாரியிலும் கிழமைக்கு ஒரு தரம் நானே போட்டு உட்காருகிறேன், விடுங்கள். சனிக்கிழமை மெகர் கொண்டு ஒருவர் வருகிறார். அளவு கிடைத்ததும் போடுகிறேன். அதுவரை பிரேக்கர் கீழே.