மறு: வெள்ளச் சமவெளியா, படுகையா?

குழுவினருக்கு வணக்கம்.

> ஓடையையும் அதன் ஃப்ளட்ப்ளெயினையும் (வெள்ளம் ஏறுகிற கரையோர நிலம்) பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் தண்ணீர் எவ்வளவு சுத்தமாகும் என்று கணக்கிடும் முறையைப் பற்றிய கட்டுரையைத் தமிழாக்குகிறேன். பாடநூல் வழியில் 'வெள்ளச் சமவெளி சீரமைப்பு' என்று போடலாமா?

வேண்டாம் அக்கா. இரண்டு சொல்லும் வேண்டாம்.

நான் கேத்தி பாலாடாக்காரன். நீலகிரியில் சமவெளி என்றால் மேட்டுப்பாளையத்துக்கு அந்தப் பக்கம். 'சமவெளியில் வெயில் தாங்கல' என்று ஊட்டி மார்க்கெட்டில் தினமும் காதில் விழும். 'வெள்ளச் சமவெளி' என்று இங்கே எழுதினால், பவானிக் கரையில் ஏதோ வெள்ளம் போலிருக்கிறது என்று படிப்பவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

ஆனால் அந்த நிலம் எங்கள் கண்முன்னே கிடக்கிறது. இரண்டு பக்கமும் சரிவு, நடுவே ஓடை, ஓடையை ஒட்டித் தட்டையாகக் கறுத்த மண். அதில்தான் கேரட்டும் பீட்ரூட்டும். கனமழை பெய்தால் ஓடை அதன்மேல் ஏறும். மறுநாள் செய்தியில் 'விளைநிலத்துக்குள் வெள்ளம் புகுந்தது' என்று வரும். புகுந்தது என்றதும் ஓடை திருடனாகிவிடுகிறது. அந்த மண்ணில் பெரும்பங்கு ஓடையே வருஷக்கணக்காகக் கொண்டுவந்து போட்டது என்பது அந்த வினைச்சொல்லில் காணாமல் போகிறது. அதனால் நமக்கு வேண்டிய சொல்லில் தட்டை என்பதைவிட, தண்ணீர் ஏறுகிற இடம் என்பது தெரிய வேண்டும்.

அடுத்தது 'சீரமைப்பு'. இந்தச் சொல்லை கான்கிரீட் எப்போதோ வாங்கிவிட்டது. ஓடை சீரமைப்புப் பணி என்று பலகை நட்டால், பொக்லைன் வந்து ஆழமாகத் தோண்டும், இரு பக்கமும் தடுப்புச்சுவர் எழும்பும், தண்ணீர் நேராக, வேகமாக ஓடும். உங்கள் கட்டுரை சொல்வதோ இதற்கு நேர் எதிர். ஓடையின் அடியை உயர்த்து, அல்லது கரை நிலத்தைத் தாழ்த்து, பெருமழையில் தண்ணீர் பக்கவாட்டில் பரவி மெதுவாகட்டும் என்கிறது. 'மீட்பு' என்று போடலாமென்றால், 'நீர்நிலை மீட்பு' என்பது ஆக்கிரமிப்பு அகற்றலுக்குப் போய்விட்டது.

கணக்கைப் பார்த்தால் எந்தெந்தச் சொல் தேவை என்பது தானாகவே தெரியும். கட்டுரை அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவைப் பற்றியது என்று நினைக்கிறேன். அந்த விரிகுடாவுக்குள் ஆண்டுக்கு எவ்வளவு நைட்ரஜன், பாஸ்பரஸ், வண்டல் போகலாம் என்று 2010இல் உச்சவரம்பு வைத்தார்கள். நைட்ரஜனுக்கு மட்டும் 18.59 கோடி பவுண்டு. ஓடையைச் சரிசெய்த ஊருக்கு இந்தக் கணக்கில் எவ்வளவு கழித்துக் கொடுப்பது என்ற கேள்வி வந்ததும் முறைகளை வகுத்தார்கள்.

முதல் முறை கரையரிப்பு. ஆண்டுக்கு எத்தனை டன் கரைமண் சரிகிறது என்று கணித்து, ஒரு டன் மண்ணோடு எவ்வளவு பாஸ்பரஸும் நைட்ரஜனும் போகிறதோ அந்த எண்ணால் பெருக்குவது. அளந்த எண் கையில் இல்லையென்றால் டன்னுக்கு 1.05 பவுண்டு பாஸ்பரஸ், 2.28 பவுண்டு நைட்ரஜன். அவர்கள் கொஞ்சம் உஷாரான ஆட்கள். சரிவு முழுதும் நின்றுவிடும் என்று நம்பாமல், தொடக்கத்தில் பாதியைத்தான் பொதுவாகக் கணக்கில் ஏற்றினார்கள்.

இரண்டாவது, ஓடையின் அடியில் சரளைக்கும் மணலுக்கும் நடுவே ஊர்ந்துபோய் மறுபடி மேலே வருகிற தண்ணீர். அங்கே காற்று குறைவு. மக்கிய இலைதழையும் இருந்தால் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை வாயுவாக்கி வானத்துக்கு அனுப்பிவிடும். இதற்கு 'அடிநீரோட்டம்' போதும். 'ஹைப்போரீக்' என்ற ஆங்கிலச் சொல்லும் கிரேக்கத்தில் 'கீழே', 'ஓட்டம்' என்ற இரண்டையும் ஒட்டிச் செய்ததுதான்.

மூன்றாவதுதான் நம் சிக்கல். தண்ணீர் கரையேறிப் பரவும்போது வண்டலை இறக்கிவிடும், நைட்ரேட்டும் குறையும். இதை 'வெள்ளச் சமவெளி மறு இணைப்பு' என்று எழுதினால் மின்வாரிய அறிவிப்பு மாதிரி இருக்கும்.

என் பரிந்துரை: நிலத்துக்கு 'வெள்ளப்படுகை', நிகழ்வுக்கு 'படுகையேற்றம்'. 'படுகையேற்றத்தை மீட்டல்' என்றால் எதை மீட்கிறோம் என்பதும் விளங்கிவிடுகிறது. கழித்துக் கொடுக்கிற அளவுக்கு 'வரவு' என்றே போடுங்கள். வரவு செலவு தெரியாத ஆள் கிடையாது. எஸ்டிமேட்டுக்கு மட்டும் 'மதிப்பீடு' வேண்டாம், 'கணிப்பு' நல்லது. மதிப்பீடு என்றால் அளந்து பார்த்துவிட்டார்கள் என்று தோன்றும். எங்கள் ஊரில் எஸ்டிமேட் என்றாலே ரூபாய்தான், அது வேறு கதை.

கேத்தியிலிருந்து

---

> நிலத்துக்கு 'வெள்ளப்படுகை'

தம்பி, நான் கொள்ளிடக் கரை. எங்கள் பக்கம் வெறும் படுகையே இதுதான்: ஆற்றுக்கும் கரைக்கும் நடுவில் கிடக்கிற நிலம். ஆற்றில் தண்ணீர் கூடுதலாக விட்டால் முதலில் முழுகுவது அதுதான். நாதல்படுகை என்று ஊரே உண்டு. முன்னால் 'வெள்ளம்' எதற்கு?

---

அண்ணா, உங்கள் ஊருக்கு வேண்டாம்தான். ஆனால் காவிரிப் படுகை என்று ஆறு பாயும் மொத்தப் பரப்பையும் எழுதுகிறார்கள். மணல் கிடக்கிற ஆற்றின் அடியும் படுகைதான். ஒரு சொல் மூன்று வேலை பார்க்கிறது. மொத்தப் பரப்புக்கு 'வடிநிலம்' இருக்கிறது, அடிக்கு 'ஓடையடி' என்று வைத்துக்கொள்ளலாம், ஆனாலும் பழக்கத்தை விரட்ட முடியாது. முதல் தடவை 'வெள்ளப்படுகை' என்று எழுதிவிட்டு அப்புறம் படுகை என்று சுருக்கிக்கொள்வோம். 'ஏற்றம்' என்றால் நீர் இறைக்கிற ஏற்றம் நினைவுக்கு வராதா என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். வரும். படுகையோடு ஒட்டி வரும்போது குழப்பம் இல்லை என்பது என் எண்ணம்.

அக்காவுக்கு இன்னொன்று. கட்டுரையில் 'பயன்' என்று வருகிற இடத்திலெல்லாம் யாருக்கு என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள். வண்டல் குறைந்தால் பயன் கீழே இருப்பவருக்கு; முழுகுவது மேலே இருப்பவரின் கேரட். மூலத்தில் பயன் விரிகுடாவுக்கு என்பது எல்லோருக்கும் தெரிந்த பின்னணி. நம் வாசகருக்கு அந்தப் பின்னணி கிடையாது.

சொல் நிற்குமா என்று பார்க்க, நேற்று ராத்திரி அப்பாவிடம் விளக்கம் எதுவும் சொல்லாமல், "ஓடையில் படுகையேற்றத்தைத் திரும்பக் கொண்டுவரலாம்னு ஒரு யோசனை" என்றேன்.

"எந்த மாசம்?" என்றார். "கேரட் எடுக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"